பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு நல்ல கணவன்

எங்கள் கம்பெனியில் சுபாஷைப் போலப் பெண்டாட்டியை நேசிக்கிறவன் கிடையாது என்று இரண்டு வருடம் எல்லோரும் நம்பினோம். நானும்தான். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்கிற கம்பெனி அது. அவன் வெல்டிங் ரோபோக்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன். நானும் அதே லைனில் டெக்னீஷியன்தான். ராத்திரி டீ பிரேக்கில் மற்றவர்களெல்லாம் பஜ்ஜிக்கு வரிசையில் நிற்கும்போது அவன் சுவரோரமாக ஒதுங்கி மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பானாம். கொசுவத்தி கொளுத்தினாயா, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயா, கால்வலி எப்படியிருக்கிறது என்று அவன் குழைகிற குழைவில் கேன்டீன்காரரே கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பாராம்.

அந்தக் குழைவு பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி கேட்டிலிருந்து படப்பையில் அவன் வாடகை வீட்டு வாசல்வரை சரியாகப் பத்து கிலோமீட்டர்.

சுபாஷ் பிள்ளைப்பாக்கத்துக்காரன். கம்பெனிகள் வந்து நிலம் போன பிறகு அவன் அப்பா கோதண்டராமன் மனை புரோக்கர் ஆனார். அம்மா சுந்தராம்பாள் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி உருட்டப் போனார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நாலாம் வகுப்பிலேயே அவனைக் காஞ்சிபுரத்தில் ஒரு ஹாஸ்டலில் விட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா வருவார். கட்டிப்பிடிப்பார், அழுவார், தலைக்கு எண்ணெய் வைப்பார், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அதே அம்மா வேலை முடிந்து அலுத்து வந்து, காலைச் சுற்றாதே, அந்தாண்டை போ என்று தள்ளுவார். பையன் தன் அறிவுக்கு எட்டியபடி முடிவு கட்டிக்கொண்டான். தூரத்தில் இருந்தால் கொஞ்சுவார்கள், கிட்டே போனால் விரட்டுவார்கள். ஹாஸ்டலில் முதல் வாரம் மட்டும் அழுதான், பிறகு அழவேயில்லை. அழுகிற மற்றப் பையன்களுக்கு வார்டன் அவனை உதாரணம் காட்டினாராம். இதை என்னிடம் சொல்லும்போதும் அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது.

இருபத்து மூன்று வயதில் ஓசூருக்கு ட்ரெய்னிங் போன இடத்தில் பூஜா என்று ஒரு பெண்ணைக் காதலித்தான். ட்ரெய்னிங் பதினைந்து நாள். காதல் ஒன்றரை வருடம். மீதி எல்லாம் போனில். அந்தப் பெண் பாவம், இவன் பேச்சை நம்பி, இங்கே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வேலையைத் தேடிப்பிடித்து, பெட்டியோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள். சுபாஷ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான். அன்று மாலையே அவள் டீயை உறிஞ்சுகிற சத்தம் அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று. அடுத்த வாரம் செருப்பைத் தேய்த்து நடக்கிறாள் என்றான். அதற்கடுத்த வாரம் அவள் சிரிக்கும்போது ஈறு தெரிவது பெரிய விஷயமாகிவிட்டது. ஒன்றரை வருடம் போனில் கேட்ட அதே சிரிப்புதான். ஒரு மாதத்தில் பூஜா பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அவள் பஸ் ஓசூர் போய்ச் சேருவதற்குள் சுபாஷுக்குக் காதல் பொங்கிவிட்டது. மூன்று மாதம் தாடியோடு திரிந்தான். அந்த மூன்று மாதமும் அவளைப் போல உண்டா என்று லைனில் ஒருவரையும் விடாமல் சொன்னான்.

தென்றலை அவன் பார்த்தது படப்பை ஷேர் ஆட்டோவில். செஞ்சிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை. அவளுடைய அப்பா லாரி டிரைவர். எப்போது வருவார், எப்போது போவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ரோட்டில் ஹாரன் கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுகிற பிள்ளையாக அவள் வளர்ந்தாள். ஒருவனுக்காகக் காத்துக் கிடந்து வயிறு கலங்கினால் அதுதான் அன்பு என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. நிம்மதியாக இருந்தால் ஏதோ குறைகிறது என்று பயப்படுகிற ஜாதி. அவள் கம்பெனி லைனிலேயே ஒரு பையன், சாம்சன் என்று பெயர், சொன்ன நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான், ஆறு மாதம் அவளைச் சுற்றி வந்து கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டான். அவனோடு பேசினால் படபடப்பே இல்லை என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டாள். படபடப்பு சுபாஷிடம் வேண்டிய மட்டும் கிடைத்தது.

அவள் கம்பெனியில் உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம் கழித்துத்தான் கையில் கிடைக்கும். சுபாஷுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு உலகத்தில் இல்லை. அவள் போன் லாக்கரில் பூட்டிக் கிடக்கும்போது நாற்பது, ஐம்பது மெசேஜ் அனுப்புவான். கவிதை மாதிரி இருக்கும். அவள் ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்து லாக்கரைத் திறந்து, எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணீரோடு போன் போட்டால் எடுக்கமாட்டான். தூங்கிவிட்டேன், சார்ஜ் இல்லை, மீட்டிங் என்பான். அவள் துடிப்பாள். மறுநாள் லாக்கர் மூடியதும் மறுபடி ஐம்பது. இப்படி ஒரு வருடம். கல்யாணப் பேச்சை எடுத்தாள். டைம் வேண்டும் என்றான். அவள் கோபித்துக்கொண்டு நம்பரை பிளாக் செய்து ஊருக்குப் போய்விட்டாள். பதினோராம் நாள் சுபாஷ் செஞ்சியில் அவள் வீட்டு வாசலில் நின்று, இவள் இல்லையென்றால் செத்துப்போவேன் என்று அவள் அம்மாவிடமே சொன்னான். பொய் சொல்லவில்லை. அவள் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பிளாக் செய்து வைத்திருந்த நேரத்தில் அவன் நிஜமாகவே செத்துப்போகிற நிலையில்தான் இருந்தான்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம். பன்னிரண்டு நாள் லீவு போட்டவன் பத்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான். லைனில் அவசரமாமே என்றான். அப்படி ஒரு அவசரமும் இல்லை.

அந்த மாதத்திலிருந்து அவன் நிரந்தரமாக சி ஷிஃப்ட். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஏழுவரை. எங்களுக்கெல்லாம் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். அவன் மாற்றி எழுதிக் கொடுக்கிற ஃபாரத்தில் மாறிக்கொள்கிறவனுடைய கையெழுத்தும் வேண்டும். அதில் பாதிக் கையெழுத்து என்னுடையது. என் நைட்டை ஒருவன் தானாகக் கேட்டு வாங்கும்போது ஏன் எதற்கு என்று ஆராய நான் என்ன மடையனா? சூப்பர்வைசர் கண்ணப்பனிடம், மனைவிக்குப் பகல் வேலை, பகலில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தான். மனைவியிடம், கண்ணப்பன் தன்னைப் பழிவாங்குகிறார், நைட்டிலேயே போட்டுச் சாகடிக்கிறார் என்று சொல்லியிருந்தான்.

தென்றல் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். சுபாஷ் எட்டு மணிக்கு வருவான். வந்து சும்மா இருக்கமாட்டான். பாத்திரம் கழுவி, துணி துவைத்துக் காயப்போட்டு, மாவு அரைத்து, குழம்பு வைத்து மூடி, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டுவான். 'கண்ணு, ரசத்தைச் சூடு பண்ணிக்கோ. இன்னைக்கு உன் நெனப்பாவே கீது.' அவள் மாலை ஆறரை மணிக்குப் படியேறுகிற சத்தம் கேட்டால் போர்வைக்குள் போய்விடுவான். ராத்திரி ஒன்பதரைக்கு எழுந்து பஸ் பிடிக்க ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் தங்கள் வீட்டு ஆண்களுக்குச் சுபாஷைச் சொல்லிக் காட்டினார்கள். என் மனைவி லீலாவும் சொன்னாள். லீலாவும் தென்றலும் பழகிவிட்டிருந்தார்கள், அதனால் எனக்கு இரண்டு காதிலும் விழுந்தது.

தென்றல் அவன் முகத்தைவிட அவன் கையெழுத்தைத்தான் அதிகம் பார்த்தாள். ராத்திரி ஒரு மணி டீ பிரேக்கில் வருகிற வாய்ஸ் மெசேஜுக்காக முழித்திருந்து, கேட்டுவிட்டுத் தூங்கி, மறுநாள் வேலையில் தள்ளாடுவாள். கண்ணப்பன் மனம் இளகித் தன் புருஷனைப் பகல் ஷிஃப்டில் போடவேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனுக்குச் செவ்வாய்தோறும் பட்டினி விரதம் இருந்தாள். சுபாஷ் தவறாமல் செவ்வாய்க்கிழமை விரதம் முடிக்கக் கஞ்சி வைத்து மூடிவைப்பான்.

இரண்டாம் வருட முடிவில் எங்கள் கம்பெனியில் ஃபேமிலி டே வந்தது. பந்தல், பிரியாணி, குழந்தைகளுக்குப் பலூன். சுபாஷ் வரவே விரும்பவில்லை. தென்றல்தான் புதுப்புடவை கட்டிக்கொண்டு இழுத்துவந்தாள். கண்ணப்பன் நல்ல மனுஷன், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார். அர்ப்பணிப்புக்கான பரிசு சுபாஷுக்கு என்று அறிவித்துவிட்டு விளக்கம் கொடுத்தார்.

"நைட்டுன்னா எல்லாரும் ஓடுவான். இந்தத் தம்பி கல்யாணமான பத்தாம் நாள்லேந்து, அவரே எழுதிக் குடுத்து, ரெண்டு வருஷமா சி ஷிஃப்ட்டு கேட்டு வாங்கிக்கினு இருக்காரு. நான் பாவப்பட்டு நாலு வாட்டி பகலுக்கு மாத்தினேன். வேணாம் சார்னு திரும்பி வந்துட்டாரு. அவரு ஒய்ஃபும் மேடைக்கு வரணும்."

பந்தலே கைதட்டியது. தென்றலும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீலா பார்த்தாள். பிறகு மேடைக்குப் போய், பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸின் ஒரு பிடியை அவள் பிடிக்க இன்னொன்றை அவன் பிடிக்க, போட்டோவுக்குச் சிரித்தாள்.

இருவரும் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் வந்து ஹாட்பாக்ஸைத் தரையில் வைத்த பிறகுதான் பேசினாள். இது சுபாஷே எனக்குச் சொன்னது.

"ரெண்டு வருஷம் செவ்வாய்க்கெழமையானா பட்டினி கெடந்தேன். அந்தாளு மனசு எளகணும்னு. நீயும் தெரிஞ்சிகினே கஞ்சி வெச்சி மூடி வெச்ச."

அவன் முதலில் கண்ணப்பன் பொய் சொல்கிறார் என்றான். பிறகு நைட் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்றான். கடைசியில் உண்மை வந்தது.

"உன் மேல ஆசை இல்லாம இல்ல. நீ பக்கத்துல வந்து குந்திகினு என் மூஞ்சியவே பாத்தா எனக்கு மூச்சு முட்டுது. இன்னா பண்ண சொல்ற?"

சொல்லிவிட்டு, பைக்குக்குப் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று கிளம்பினான். டேங்க் முழுசாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தென்றலின் கம்பெனியில் பெண்களுக்கு மனநல வகுப்பு ஒன்று நடத்தினார்கள். சென்னையிலிருந்து சசிரேகா என்று ஒரு கவுன்சிலர் வந்து திரையில் படம் போட்டார். உறவில் சிலர் ஒட்டிக்கொள்வார்கள், சிலர் விலகி ஓடுவார்கள், சிலர் பதறாமல் இருப்பார்கள்; இது சின்ன வயதில் வளர்ந்த விதத்தில் வருவது; மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் நாளாகும் என்றார். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. ஒவ்வொருத்தியும் தன் ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். தென்றல் எழுந்து, ஒட்டிக்கொள்கிறவளும் ஓடுகிறவனும் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றார் சசிரேகா. பதில் சொல்வதற்குள் லைன் ஆரம்பிக்கிற மணி அடித்துவிட்டது. அச்சடித்த தாளை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தத் தாளை அவள் சுபாஷிடம் மெதுவாக, நோகாமல் எடுத்துச் சொன்னாள். அழுவான், வருந்துவான், குறைந்தபட்சம் யோசிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை நாள் குற்றமாக இருந்தது இப்போது ஒரு தகுதியாகிவிட்டது. மறுநாள் லைனில் ரத்த குரூப் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தான்: எனக்கு அவாய்டன்ட், விலகி ஓடுகிற வகை, சின்ன வயசிலேயே வந்தது. சினிமாவுக்குப் போகலாமா என்று தென்றல் கேட்டால், சர்க்கரைக்காரன் லட்டைத் தள்ளுகிற மாதிரி, எனக்கு ஆகாது, உனக்கே தெரியுமில்லையா என்பான். அவள் அழுதால், உனக்கு ஆங்ஷியஸ், ஒட்டிக்கொள்கிற வகை, பேப்பரிலேயே போட்டிருக்கிறது என்பான். மாற்றிக்கொள்ள முடியும் என்று அதே பேப்பரில் அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. அதை அவன் படித்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஆர்டர் குறைந்து எங்கள் கம்பெனியில் சி ஷிஃப்டையே நிறுத்தி எல்லோரையும் பகல் ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள். மாலை ஆறரையிலிருந்து காலை ஆறரைவரை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில். மூன்று வாரம் அது ஓடியது. சுபாஷ் அந்த மூன்று வாரத்தில் தெருவில் ஒழுகுகிற குழாய் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த வீட்டு மிக்சி, எதிர்வீட்டு ஃபேன், மூன்றாம் வீட்டு நாய்க்குக் கூண்டு. பைக்கை நாளுக்கு இரண்டு தடவை கழுவினான். தென்றலையும் சும்மா சொல்லக்கூடாது. அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பாள். என்மேல் கோபமா என்று கேட்பாள். இல்லை என்றால், இல்லை என்று ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறாய் என்பாள். அவன் போனில் சிரித்தால் யாரென்று கேட்பாள், சிரிக்காவிட்டால் ஏனென்று கேட்பாள். அவள் நெருங்கநெருங்க அவன் ஓட, அவன் ஓடஓட அவள் நெருங்க, இரண்டு பேரும் இளைத்துப்போனார்கள்.

குஜராத்தில் எங்கள் கம்பெனி புது பிளான்ட் போட்டது. மூன்று மாதம் போய் லைனை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அறிவிப்பு நோட்டீஸ் போர்டில் பசை காய்வதற்குள் சுபாஷ் பெயர் கொடுத்துவிட்டான்.

அங்கே போய் இறங்கியதும் பழைய சுபாஷ். காலை வணக்கம், மதியம் சாப்பிட்டாயா, மாலை வீடியோ கால், நடுவில் கவிதை. மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, எட்டாயிற்று. இந்தத் தடவை புதிதாக நடந்தது தென்றல் பக்கத்தில்தான். முதல் மாதம் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். போனில் அவனிடமிருந்து பதினேழு மெசேஜ். ஒன்றுக்கும் அவள் வயிறு கலங்கவில்லை. பயந்துபோய் லீலாவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு அவரு மேல பாசம் போயிடுச்சா? தூங்கிட்டேன்க்கா."

தூங்கினால் பாசம் போகாது என்று லீலா சொன்னாள். தென்றல் நம்ப இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தாள், ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள், ராத்திரி வருகிற வாய்ஸ் மெசேஜைக் காலையில் பல் தேய்க்கும்போது கேட்கப் பழகினாள். அவன் எழுதுவது எல்லாமே நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றுக்குக்கூடப் பதில் தேவைப்படவில்லை என்று ஒரு நாள் லீலாவிடம் சொன்னாளாம்.

எட்டாம் மாதம் சுபாஷுக்கு டைபாய்டு. அறையில் கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சலில் கிடந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒருத்தியைப் பார்த்து நீ வா என்றான்.

"நீ கெளம்பி வா தென்றலு. பக்கத்துல இரு. எனக்கு யாரும் இல்ல."

முன்பாக இருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ரயில் ஏறியிருப்பாள். இப்போது எந்த ஆஸ்பத்திரி, காய்ச்சல் எவ்வளவு, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். டாக்டரிடமே பேசினாள். இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டாள். தனக்கு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இருக்கிறது, தினமும் மூன்று வேளை போன் செய்கிறேன், உடம்பு தேறியதும் புறப்பட்டு வா என்றாள். சொன்னபடி மூன்று வேளையும் செய்தாள். சுபாஷ் எனக்கு போன் போட்டுக் கதறினான். இப்படி ஒரு கல்நெஞ்சியைக் கட்டிவைத்து விட்டார்களே என்றான். கட்டிவைத்தது யாரடா, செஞ்சி வரைக்கும் போய் நின்றது நீதானே என்று கேட்க நினைத்தேன். காய்ச்சல்காரனிடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அவள் ஸ்கூட்டியில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். பத்தியச் சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், பிறகு மேசையில் உட்கார்ந்து படித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொள்ள ஆளில்லாத வீட்டில் எதிலிருந்து ஓடுவது என்று தெரியாமல் அவன் திகைத்துப்போனான்.

ஆர்டர் திரும்ப வந்து சி ஷிஃப்ட் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சுபாஷ் இப்போது எல்லோரையும்போல முறை வந்தால்தான் நைட் வருகிறான். என் நைட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. நான் ராத்திரி வேலைக்குப் போன முதல் வாரமே லீலாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதை நான் ஆராயவில்லை.

போன வாரம் டீ பிரேக்கில் சுபாஷ் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, அவளுக்கு இன்னும் என்னைய புடிச்சிகீதா? ஒண்ணுமே கேக்க மாட்டேன்றா."

நீ கேட்டுப்பார் என்றேன். எப்படிக் கேட்பது என்றான். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றேன். போனில் கேட்டால் ஆகாதா என்று கேட்டான். ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் போய் உட்கார்ந்திருக்கிறான். தென்றல் சொல்லி லீலா சொன்னது இது. அவள் கணக்குப் பதிவியல் படித்துக்கொண்டிருந்தாளாம். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். நாற்பது நிமிஷம் கழித்து மேலே ஃபேனில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்க எழுந்தான். அவள் தலை நிமிராமலே, ஃபேன் நல்லாத்தான் ஓடுது, உக்காரு என்றாள். உட்கார்ந்தான்.